முதல் நூல், வழி நூல், ஃபர்ஸ்ட் காப்பி

மும்பையில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவர்களுக்கு ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்றால் விளக்கம் தேவையில்லை. கைக்கடிகாரமோ ஷூவோ அசல் நிறுவனம் செய்ததாக இருக்காது. அதற்காக மட்டமான போலியும் கிடையாது. தையல், எழுத்து, அட்டைப்பெட்டி எல்லாம் அசலை உரித்து வைத்தாற்போல் இருக்கும். எங்கள் கோபர்கைரனேயில் தீன் டாக்கி பக்கம் சாயங்காலம் நடந்தால்கூட இந்தச் சொல் காதில் விழும். ஒரிஜினல், அடுத்தது ஃபர்ஸ்ட் காப்பி, கடைசியில் டூப்ளிகேட் என்று மூன்று படி. கடைக்காரர் பெரும்பாலும் சொல்லித்தான் விற்கிறார். வாங்கியவர் கையில் கட்டிக்கொண்டு வாஷி ரயில் ஏறும்போதுதான் அது ஒரிஜினல் ஆகிவிடுகிறது.

தமிழ் இலக்கணத்திலும் இப்படி மூன்று படி உண்டு: முதல் நூல், வழி நூல், சார்பு நூல். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன பகுதி. சமீபத்தில் அதைத் திரும்ப எடுத்துப் படிக்க வேண்டி வந்தது. அதற்குக் காரணம் மாடி வீட்டுப் பெண் கேட்ட ஒரு கேள்வி.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு. தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர். அப்பா காலத்தில் கடற்கழியைத் தாண்டி நவி மும்பைக்கு வந்துவிட்டார்கள். ஒரு சிறுகதைப் போட்டிக்கான படிவத்தைக் கொண்டுவந்து காட்டினாள். தமிழில் எந்தப் போட்டியிலும் இருக்கும் உறுதிமொழிதான்: கதை சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல என்று கையெழுத்துப் போட வேண்டும்.

“மாமா, நான் எங்க ஆச்சி சொன்ன கதையத்தான் எழுதியிருக்கேன். இதுல கையெழுத்துப் போடலாமா?”

“ஆச்சி சொன்னது அவங்க வாழ்க்கையில நடந்ததாம்மா?”

“இல்ல மாமா, ஆச்சிக்கு அவங்க அம்மா சொன்னதாம். நான் முடிவ மாத்திட்டேன். நடுவுல நம்ம தாராவி வீட்டக் கொண்டாந்துட்டேன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். யோசித்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும்.

முதலில் சொற்கள். ஒரிஜினல் என்பதற்கு நம்மிடம் அசல் இருக்கிறது, மூலம் இருக்கிறது, முதல் இருக்கிறது. அசல் அரபியிலிருந்து வந்தது, வேர் என்று பொருள். மூலம் வடமொழி, அதற்கும் வேர் என்றே பொருள். முதல் நம் சொல். ஆரம்பம் என்பதோடு மரத்தின் அடி என்ற பொருளும் அதற்கு உண்டு. இலக்கணத்தில் முதல், சினை என்று பிரிப்பது அதனால்தான். மூன்று மொழிகளிலிருந்து வந்த மூன்று சொற்களும் மரத்தடியில் போய் நிற்கின்றன. இந்த மூன்றும் பணத்துக்கும் பயன்படுகின்றன என்பதுதான் என்னை நிறுத்தியது. வட்டி தனி, அசல் தனி. வியாபாரத்தில் போடுவது முதல். அதையே கொஞ்சம் கனமாகச் சொன்னால் மூலதனம். ஆக, நம் பேச்சில் ஒரிஜினல் என்பது பூட்டி வைக்கிற சாமான் ஆகாது; அது போட்டுப் பெருக்க வேண்டிய ஒன்று. கடனாக வாங்கினால் யாரிடம் வாங்கினோம் என்று கணக்கில் எழுத வேண்டிய ஒன்றும்கூட.

‘இதுவரை யாரும் செய்யாதது’ என்ற பொருளை இந்தச் சொற்கள் சுமப்பதில்லை. அந்தப் பொருள் ஐரோப்பாவிலேயே தாமதமாகத்தான் தலையெடுத்தது. 1759-இல் எட்வர்ட் யங் என்ற ஆங்கிலக் கவிஞர் ஒரிஜினல் படைப்பைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதி, முன்னோரைப் பின்பற்றி எழுதுவதைவிடத் தானாக முளைப்பதே உயர்ந்தது என்று வாதாடினார். ரொமான்டிக் கவிஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நம் பத்திரிகைப் போட்டிகளின் ‘சொந்தக் கற்பனை’ உறுதிமொழி இந்தப் பரம்பரையில் வந்தது. நம் இலக்கணத்தின் பரம்பரை வேறு.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தை எடுத்துப் பாருங்கள். முதல் நூல் செய்ய வினையின் நீங்கிய இறைவனால்தான் முடியும் என்று தொல்காப்பிய காலத்திலிருந்தே ஒரு கொள்கை. ஆகவே மனிதர்கள் செய்வதெல்லாம் அநேகமாக வழியும் சார்பும்தான். முன்னோர் நூலின் முடிவை ஒத்துக்கொண்டு, ஆசிரியர் தனக்கு வேண்டிய மாற்றத்தையும் செய்தால் அது வழி நூல். வேறுபாடு கூடுதலானால் சார்பு நூல். தொல்காப்பியர் வழி நூலை நான்காக வகுக்கும்போது தொகுப்பது, விரிப்பது, இரண்டையும் கலப்பது ஆகியவற்றோடு மொழிபெயர்ப்பையும் சேர்க்கிறார். நம் படிவத்தில் விலக்கப்பட்ட மொழிபெயர்ப்புக்கு அங்கே கௌரவமான இருக்கை இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வருவது. ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும். முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது வழி, அதாவது இந்த நூல் எங்கிருந்து வந்தது என்பது. எல்லை, நூற்பெயர், யாப்பு, பொருள், கேட்போர், பயன் எல்லாம் அதற்குப் பிறகுதான். எழுதியவர் பெயரைச் சொன்ன உடனேயே, நூலின் பெயருக்கும் முன்னால், யாரிடமிருந்து பெற்றது என்று சொல்லிவிட வேண்டும்! இதைவிட நேர்மையான பதிப்பு ஒழுங்கை நான் எங்கும் பார்த்ததில்லை. கம்பர் தன் காப்பியத்தின் தொடக்கத்திலேயே, வடமொழியில் மூவர் பாடியிருக்கிறார்கள், அவர்களில் முதல்வரான வால்மீகியின் வழியில் செல்கிறேன் என்று சொல்லிவிடுகிறார். அதனால் கம்பருக்கு என்ன குறைந்தது?

அதே பாயிரத்தில் நூலாசிரியர் கொள்ளத்தக்க ஏழு மதங்கள் வருகின்றன. பிறர் கருத்தோடு உடன்படுவது, மறுப்பது, ஏற்றுப் பின் களைவது, தானே ஒன்றை நாட்டி நிறுவுவது, மாறுபடும் இருவரில் ஒருவர் பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது. ஏழாவது, எவரோடும் ஒட்டாமல் தன் கொள்கையை மட்டும் கொள்வது. இன்று நாம் ஒரிஜினாலிட்டி என்று கொண்டாடுவது இந்த ஏழாவதை மட்டும்தான். மற்ற ஆறும் அறிவு செய்கிற வேலைகள் என்பதை மறந்துபோனோம்.

முதல், வழி, சார்பு என்ற ஏணிக்கு வழக்கமாகக் காட்டும் உதாரணம் பெரியபுராணம். சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகை முதல் நூல். பதினொரு பாட்டுதான். அடியார்களின் பெயர்ப் பட்டியல் போலவே இருக்கும். நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி வழி நூல், 89 பாட்டு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் செய்தது சார்பு நூல், நாலாயிரத்துக்கும் மேல். சேக்கிழார் தன் காப்பியத்தை 13 சருக்கங்களாகப் பிரித்தார். அவற்றில் 11 சருக்கங்களுக்குச் சுந்தரரின் பதினொரு பாட்டுகளின் தொடக்கச் சொற்களையே தலைப்பாக வைத்தார். கடன் வாங்கிய இடத்தை அதிகாரத்துக்கு அதிகாரம் தலைப்பிலேயே எழுதிய கவிஞர் அவர்.

இதில் நந்தனாரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சுந்தரர் பட்டியலில் அவருக்குக் கிடைத்தது ‘திருநாளைப் போவார்’ என்ற பெயர் மட்டும். சேக்கிழார் அதை முப்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகளாக்கி, ஆதனூர்ப் புலைச்சேரியை நம் முன் கொண்டுவருகிறார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர், ஆனால் அந்தக் கோயிலுக்குள் நுழைய முடியாதவர். இது சுந்தரர் பாட்டில் இல்லை. பிறகு 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடினார். சேக்கிழாரிடம் இல்லாத ஓர் ஆளை அவர் உள்ளே கொண்டுவந்தார்: நந்தனைச் சிதம்பரத்துக்கு விட மறுத்து, நாற்பது வேலி நிலத்தின் அறுவடையை முடித்தால் போகலாம் என்கிற பண்ணையார் வேதியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அந்த நூலுக்குச் சாற்றுக்கவி தர முதலில் மனம் வரவில்லை என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். ஆனால் தமிழ்நாடு முழுவதும் கேட்டு அழுதது பாரதியாரின் நந்தனைத்தான். தெய்வம் சோதிக்கும் கதையில் கூலியாளும் முதலாளியும் நுழைந்தது அவரால். அதன் பின் புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ எழுதினார், இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ நாடகம் எழுதினார். ஒரு பெயரிலிருந்து இத்தனை முளைத்திருக்கின்றன. இதில் எது ஒரிஜினல், எது காப்பி என்று கேட்பதே தப்பான கேள்வி. யார் எதைச் சேர்த்தார் என்பது கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முடிவதும் ஒவ்வொருவரும் வழியை மறைக்காததால்தான்.

‘அப்படியானால் திருட்டே நம் மரபில் குற்றமில்லையா?’ என்று கேட்பீர்கள். தருமியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏ.பி. நாகராஜனின் திருவிளையாடல் படம் 1965-இல் வந்தது. நாகேஷ் நடித்த அந்தத் தருமியால் ‘மண்டபத்தில் எழுதிக் கொடுத்தது’ என்பது இன்றுவரை தமிழில் வசையாக நிற்கிறது. திருவிளையாடல் புராணத்தில் நக்கீரர் பாட்டில் கண்டது பொருட்குற்றம். பாட்டு யாருடையது என்பதில் வழக்கில்லை. ஆனால் நம் மனம் படத்தோடு சேர்ந்து தருமியின் தவிப்பில் போய் நிற்கிறது: பாட்டு தன்னுடையது என்று சொன்னதால், அதில் குற்றம் கண்டபோது அவனால் அதற்கு விடை சொல்ல முடியவில்லை. எழுதியவன் வந்தால்தான் பதில் வரும். வழி சொல்லாமல் எடுத்தவருக்குத் தான் எடுத்ததைக் காப்பாற்றவும் தெரியாது. தருமி கதையில் எனக்குத் தெரிகிற உண்மை இதுதான்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த ஒழுங்கு குலைந்தது. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கியபோது ஷேக்ஸ்பியரின் பெயரைச் சொல்லித்தான் செய்தார். ஷேக்ஸ்பியருக்கே அந்தக் கதை டென்மார்க்கின் பழைய வரலாற்று நூல் ஒன்றிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆனால் அதே காலத்தில் ஆங்கில மர்ம நாவல்கள் ஊர்பேர் மாறி, வந்த தடம் தெரியாமல், கட்டுக்கட்டாகத் தமிழில் இறங்கின. வ.வே.சு. ஐயர் 1915-இல் ‘விவேகபோதினி’யில் மனைவி பாக்கியலட்சுமி அம்மாள் பெயரில் வெளியிட்ட ‘குளத்தங்கரை அரசமரம்’ தமிழின் முதல் சிறுகதை என்று பல தலைமுறைகளாகப் படித்தோம். தாகூரின் வங்காளக் கதை ஒன்றில் படித்துறை ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறது. இங்கே குளத்தங்கரை மரம் சொல்கிறது. இந்த உறவைப் பின்னால் வந்த விமர்சகர்கள்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. ஐயர் கதையின் நாயகி ருக்மிணியின் ஊரும் பேச்சும் துயரமும் தமிழுக்கே உரியவை. தாகூர் என்ற ஒரு சொல் தலைப்பின் கீழ் இருந்திருந்தால் கதையின் உயரம் ஓர் அங்குலமும் குறைந்திருக்காது.

தழுவலை எதிர்த்து மிகக் கடுமையாக எழுதியவர் புதுமைப்பித்தன். மொழிபெயர்ப்பு வேண்டும், தழுவல் கூடவே கூடாது என்பது அவர் கட்சி. ‘ரசமட்டம்’ என்ற புனைபெயரில் கல்கியைச் சாடினார். அவரே மாப்பசான் கதைகள் சிலவற்றைத் தழுவியிருந்தார் என்பதும், அவர் 1948-இல் மறைந்த பிறகு அவை அவருடைய சொந்தக் கதைகளோடு கலந்துவிட்டன என்பதும் பிற்காலத்தில் பெரிய சர்ச்சை ஆயின. நான் புதுமைப்பித்தன் பக்கம்தான் நிற்கிறேன். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எழுதியவருக்கு எவரிடமும் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அவரைக் காப்பாற்ற இத்தனை பேர் இத்தனை வருடம் வாதாட நேர்ந்தது, அந்தச் சில கதைகளின் தலையில் ‘வழி: மாப்பசான்’ என்ற வரி நிலைக்காமல் போனதால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் உரிமை பெறும் படைப்புகளைப் பட்டியலிடும்போது ஒரிஜினலான இலக்கியம், நாடகம், இசை, கலை என்றே தொடங்குகிறது. அந்தச் சொல்லுக்குப் புதுமை என்று பொருள் இல்லை. இன்னொருவரிடமிருந்து நகலெடுக்காமல் ஆசிரியரிடமிருந்து புறப்பட்டது என்பதே பொருள் என்று 1916-இலேயே லண்டன் நீதிமன்றம் ஒன்று, பரீட்சைக் கேள்வித்தாள் பற்றிய வழக்கில் தெளிவாக்கியது. இந்தியாவில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1978-இல் உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தந்த தீர்ப்பு. வடக்கே வாழும் தமிழர்களுக்கு அதில் தனி அக்கறை இருக்க வேண்டும். ஆனந்த் எழுதிய ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகம் டெல்லியில் ஒரு பஞ்சாபிக் குடும்பத்தையும் ஒரு மதராஸிக் குடும்பத்தையும் பற்றியது. பிள்ளைகள் காதலிக்கிறார்கள், பெரியவர்களுக்கு மாகாண வெறுப்பு. பிறகு 1956-இல் ‘நியூ டெல்லி’ படம் வந்தது. அதில் வாடகைக்கு வீடு கிடைக்காத பஞ்சாபி இளைஞன் கிஷோர் குமார் தென்னிந்தியனாக நடித்து வீடு பிடிக்கிறான், வைஜெயந்திமாலாவைக் காதலிக்கிறான். என் கதையை எடுத்துவிட்டார்கள் என்றார் ஆனந்த். கருத்துக்கும் கருவுக்கும் உரிமை கிடையாது, சொன்ன விதத்துக்குத்தான் உரிமை என்று சொல்லி நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது.

தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். வேற்று மாநிலத்தில் வீடு தேடும் துயரத்துக்கு ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது. மும்பையில் அறுபதுகளின் கடைசியில் ‘மதராஸி’ என்று துரத்தப்பட்டவர்களில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஆனால் சட்டம் திருடினாயா என்று மட்டும்தான் கேட்கும். யாரிடம் கற்றாய் என்று கேட்காது. அந்தக் கேள்வியைப் பாயிரம்தான் கேட்கிறது.

பாயிரம் இல்லாத நூல் என்ன பாடுபடும் என்பதை 2025-இல் மகாராஷ்டிரத்தில் இருந்தபடியே பார்த்தோம். ஜூன் மாதம் மிலான் நகர மேடையில் பிராடா நிறுவனம் ஆண்களுக்கான தோல் செருப்பு ஒன்றை அணிவகுத்துக் காட்டியது. பார்த்தவுடன் இங்கே சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும், அது கோலாப்பூரி என்று. மகாராஷ்டிரத்தில் நான்கு, கர்நாடகத்தில் நான்கு என எட்டு மாவட்டங்களுக்கு 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற செருப்பு அது. மேடையில் அந்தப் பெயர் இல்லை. கொதிப்பு எழுந்த பின் இந்தியக் கைவினையிலிருந்து பெற்ற தூண்டுதல் என்று மகாராஷ்டிர வர்த்தக சபைக்கு நிறுவனம் கடிதம் எழுதியது. பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போன பொதுநல மனு தள்ளுபடியானது. டிசம்பரில் இரு மாநிலத் தோல் தொழில் கழகங்களோடு ஒப்பந்தம் செய்து, இங்கேயே செருப்பைச் செய்யப் பிராடா முன்வந்தது. கோலாப்பூரிக்கு முதல் ஆசிரியர் யாரும் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டு, அடித்து, பின்னிய சமூகங்களின் கை வேலை அது. கோயில் முரசுக்குத் தோல் கொடுத்தவரைப் போலவே, பொருள் போன இடத்துக்கெல்லாம் கூடவே போக அவர்களின் பெயருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த ஒரு பெயரை மேடையிலேயே சொல்லியிருந்தால் கோபமே வந்திருக்காது. பெருமைதான் வந்திருக்கும்.

செருப்பை விடுங்கள், நம் கையிலிருக்கும் கைபேசியைப் பாருங்கள். ‘படித்ததில் பிடித்தது’ என்ற தலைப்போடு ஒரு நாளைக்கு எத்தனை கட்டுரை வருகிறது? பிடித்ததைப் பகிரத் தெரிகிறது, எழுதியவர் பெயரை வெட்டி எறியவும் தெரிகிறது. ஒரு பத்தியில் மூன்றாம் வரியை மாற்றித் தன் பெயரைப் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒரே மேசையில் பல வருடம் உட்கார்ந்து எழுதிய பெரியவர்களின் குறிப்புகள் இப்படி அநாதையாகச் சுற்றுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. இவை ஃபர்ஸ்ட் காப்பிகூட இல்லை. காப்பி என்று விற்பவராவது சொல்கிறார்.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில் இது: “கையெழுத்து போடும்மா. ஆனா கதைக்கு மேல, ‘எங்கள் ஆச்சி, தன் அம்மா சொன்னதாகச் சொன்ன கதை, முடிவும் தாராவி வீடும் என்னுடையவை’ன்னு ஒரு வரி எழுது.” அதனால் பரிசு போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். போனால் போகட்டும் என்றேன். அவள் அம்மாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. படிவத்தில் அப்படி எழுத இடமே இல்லையே என்றார். நியாயமான பேச்சு.

ஆகவே போட்டி நடத்தும் சங்கங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ‘தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல’ என்று சத்தியம் வாங்குவதை நிறுத்துங்கள். ஆக்கியோன் பெயருக்குக் கீழே ‘வழி’ என்று ஒரு கோடு போட்டு இடம் விடுங்கள். உண்மையை எழுதட்டும், அதற்கு மேல் அந்தப் பிள்ளை எதைச் சேர்த்திருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள். வலைப்பதிவு எழுதும் நண்பர்களே, நீங்களும் அடுத்த பதிவிலிருந்து அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். இந்தப் பதிவின் வழி: நன்னூலின் பாயிரமும் மாடி வீட்டுப் பெண்ணின் கேள்வியும்.